கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்: பல்கலைக்கழகத்துக்கா, கண்டுபிடிச்சவங்களுக்கா?

நெம்புகோல்:
ஸ்டார்ட்அப்பை வளர்க்கிறோம்னு கிளம்புற பல்கலைக்கழகம் முதல்ல கட்டடம்தான் கட்டுது. நான் இருந்த இன்குபேட்டர்ல, அதாவது புதுக் கம்பெனிகளுக்கு இடம் கொடுத்து வளர்க்கிற மையத்துல, கண்ணாடிச் சுவர், காபி மெஷின் எல்லாம் உண்டு. எங்களுக்கு வேண்டியிருந்தது மின் சிக்னலைத் திரையில காட்டுற ஒரு ஆஸிலோஸ்கோப். அது பக்கத்து பிளாக்ல, பூட்டின பீரோவுக்குள்ள. மூணு கையெழுத்து வாங்கிட்டுப் போனா, சாவி வெச்சிருக்கவர் லீவு. இந்த லட்சணத்துல கம்பெனியில பாதிப் பங்கு கேட்டாங்க. என் கட்சி இதுதான்: பங்கைக் குறை, ஆய்வகத்தைத் திற.

கணக்குப்பிள்ளை:
சாவிக் கதை பாவம்தான். அதுக்காகப் பங்கைக் குறைக்கணுமா? தேடல் முடிவுகளை வரிசைப்படுத்துற கூகுளோட பேஜ்ரேங்க் முறைக்கான காப்புரிமை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து பேர்லதான் இருந்துச்சு. உரிமம் கொடுத்துட்டு ஷேர் வாங்கிக்கிட்டாங்க. 2005-ல வித்து முடிச்சப்போ மொத்தம் சுமார் 33.6 கோடி டாலர். ஊர்ப் பணத்துல ஆராய்ச்சி பண்ணிட்டு லாபத்தை மட்டும் மடியில கட்டிக்கிட்டுப் போறது என்ன நியாயம்?

நெம்புகோல்:
லாட்டரி விழுந்தவனைக் காட்டி எல்லாரையும் சீட்டு வாங்கச் சொல்றீங்க. நார்வேயைப் பாருங்க. 2003 வரைக்கும் பேராசிரியர் கண்டுபிடிச்சது பேராசிரியருக்கே. அப்புறம் சட்டத்தை மாத்தி, வருமானத்துல மூணுல ரெண்டு பங்கு பல்கலைக்கழகத்துக்குப் போற மாதிரி ஆச்சு. ஹ்விடே, ஜோன்ஸ்னு ரெண்டு பொருளியலாளர்கள் கணக்குப் பார்த்தாங்க. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கின கம்பெனிகளும் எடுத்த காப்புரிமைகளும் ஏறக்குறைய பாதியாயிருந்துச்சு.

கணக்குப்பிள்ளை:
மூணுல ரெண்டு பேராசைதான், ஒத்துக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்ட் 2021-ல தன் பங்கை 20 சதவீதமா இறக்கிடுச்சு. ஆனா பூஜ்யத்துக்கு இறக்கலையே?

நெம்புகோல்:
கனடாவோட வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல பூஜ்யம்தான். உருவாக்கினவங்களுக்கே உரிமை. அங்க கம்பெனிக்குப் பஞ்சமா?

கணக்குப்பிள்ளை:
அங்க மாணவங்க சில மாசம் வகுப்பு, சில மாசம் சம்பள வேலைன்னு மாறி மாறிப் போறாங்க. தொழில் எங்க தடுக்குதுன்னு படிக்கும்போதே தெரிஞ்சிடுது. பலன் அதனாலயா, காப்புரிமையாலயா, எப்படிப் பிரிச்சீங்க?

ஆறாம்வருஷம்:
ரெண்டு பேரும் பேராசிரியர், பல்கலைக்கழகம்னே சண்டை போடுறீங்க. பிஎச்டி மாணவர்னு ஒரு ஜென்மம் இருக்கு. என் கைடு கம்பெனி ஆரம்பிச்சார். எனக்குக் காலைல தீசிஸ், மத்தியானம் கம்பெனியோட சர்க்யூட் போர்டுக்கு சால்டரிங். பேப்பர் அனுப்பலாமான்னு கேட்டா, "பேட்டன்ட் ஃபைல் ஆகட்டும்." காப்புரிமைக்கு விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி வெளியிட்டா பல நாடுகள்ல உரிமையே போயிடும், அது எனக்கும் தெரியும். ஆனா விண்ணப்பம் எழுத மூணு மாசம் தாராளம். பதினாலு மாசம் ஆச்சு. ஷேர் பட்டியல்ல என் பேரும் இல்ல. கம்பெனி நடத்துற கைடுக்கு ஒரு வருஷம் லீவு கொடுங்க, அந்த மாணவரை வேற கைடுகிட்ட மாத்துங்க. அதுக்குக் கட்டடமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
இதுக்குத்தான் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு வேணும்ங்கிறேன். பங்கு இருந்தா தட்டிக் கேட்க ஒரு ஆள் இருப்பாங்க.

ஆறாம்வருஷம்:
பங்கு இருக்கு சார். கம்பெனி ஓடினா அவங்களுக்கும் காசு. அதனாலதான் யாரும் கேட்கல.

நெம்புகோல்:
சால்டரிங் ஸ்டேஷனுக்காவது சாவி கிடைச்சுதா?

ஆறாம்வருஷம்:
சாவியே என்கிட்டதான் இருக்கு. ஞாயித்துக்கிழமையும் போன் வருது.