நியூயார்க் கிளப்களில் மறுபடியும் ஆட ஆரம்பித்துவிட்டார்களே, எப்படி?

ரிட்ஜ்வுட்_நிலா

வணக்கம். குயீன்ஸுக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. ஹவுஸ் இசை, அதாவது சீரான டிரம் அடியோடு ஓடும் மின்னணு நடன இசை, கல்லூரி நாளிலிருந்தே பிடிக்கும், ஆனால் ஹெட்போனில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். வந்த புதிதில் ஆசையாக ஒரு பெரிய கிளப்புக்குப் போனேன். நல்ல கூட்டம். எல்லோரும் மேடையைப் பார்த்து நின்றபடி மொபைலைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் கொஞ்சம் கையை வீசி ஆடியதும் முன்னால் நின்றவர் திரும்பி, "என் வீடியோவில் இடிக்காதீர்கள்" என்றார். அன்றோடு போவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் தோழி வற்புறுத்தி இங்கே ரிட்ஜ்வுட்டில் இருக்கும் நவ்அடேஸ் என்ற கிளப்புக்கு அழைத்துப் போனாள். வாசலிலேயே ஒருவர் எங்களை நிறுத்தி, ஆடும் இடத்தில் மொபைலை எடுக்கக் கூடாது, யாரையும் கேட்காமல் தொடக் கூடாது என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டார். உள்ளே போனால் ஒருவரும் டிஜேயைப் பார்க்கவில்லை! அவரவர் ஒவ்வொரு திசை பார்த்து ஆடினார்கள். பக்கத்தில் ஆடிய பெண் அரை மணி நேரம் கண்ணையே திறக்கவில்லை. எனக்கும் கால் தானாக அசைய ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் தூக்கம் வரவில்லை.

மொபைலைத் தடுத்தாலே மக்கள் ஆடிவிடுவார்களா, இல்லை வேறு ஏதாவது மாறியிருக்கிறதா? அப்புறம், நடனமே கற்காத எனக்கு ஹவுஸ் ஆட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது சொன்னால் பெரிய உதவி.

ஞாயிறு_மதியம்

நிலா, நான் 1997இல் படிக்க வந்தவள். என் முதல் டான்ஸ் ஃப்ளோர் டிரைபெக்காவில் வைனில் என்ற கிளப்பில் நடந்த பாடி அண்ட் சோல் என்ற ஆட்ட விருந்து. பிரான்சுவா கே, டேனி கிரிவிட், ஜோ கிளாசெல் என்ற டிஜேக்கள் மூவரும் சேர்ந்து 1996இல் தொடங்கியது. ஞாயிறு மதியம் ஆரம்பிக்கும், மது கிடையாது. தண்ணீரும் ஜூஸும்தான். ஆடிவிட்டு ராத்திரி அறைக்கு வந்து மறுநாள் வகுப்புக்குப் போய்விடலாம்.

அங்கே பார்த்த ஒருவரை இன்னும் மறக்கவில்லை. அறுபது வயது இருக்கும். பையிலிருந்து சின்ன டால்கம் பவுடர் டப்பாவை எடுத்து, தன் காலடியில் மட்டும் ஒரு முறம் அளவு தூவினார். கால் பெருவிரலால் அதைத் தேய்த்துப் பரப்பினார். அப்புறம் குதிகாலை ஊன்றி வழுக்கிக்கொண்டே ஒரு சுற்று வந்தார் பாருங்கள், தரையில் உடம்பு பாரமே இல்லாத மாதிரி. வேர்வையும் பவுடரும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது வந்தால் நின்றுவிடுவேன்.

அதே வருடங்களில் சாதாரண பார்களில் "ஆடக் கூடாது" என்று பலகை தொங்கும். நிஜமாகவே. 1926இல் போட்ட கேபரே சட்டப்படி, உணவோ மதுவோ விற்கும் இடத்தில் மக்கள் ஆட வேண்டுமென்றால் தனி உரிமம் வேண்டும். ஹார்லெம் ஜாஸ் கிளப்களில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து ஆடுவதை அடக்கத்தான் அது வந்தது என்று வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். தொண்ணூறுகளில் மேயர் ஜூலியானி அதைத் தூசு தட்டி எடுத்துச் சோதனைக்கு ஆள் அனுப்பினார். 2017இல் சட்டத்தை நீக்கியபோது இவ்வளவு பெரிய ஊரில் நூற்றுக்கும் குறைவான இடங்களுக்குத்தான் உரிமம் இருந்தது. எந்தப் பகுதியில் ஆடலாம் என்ற மண்டல விதிகள் அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தன. அவை 2024இல்தான் தளர்ந்தன. ஆகவே நீ இன்று பார்ப்பதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய பங்கு அறைக்குத்தான். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம் பாட்டிகள் கேலி செய்வார்கள். கிளப் விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது! டிஜேயை மேடையில் ஏற்றி, முகத்தில் விளக்கைப் போட்டு, பின்னால் பெரிய திரையும் வைத்தால் மக்கள் நின்று பார்க்கத்தான் செய்வார்கள். டேவிட் மன்கூசோ 1970இல் பிராட்வேயில் தன் வீட்டிலேயே தி லாஃப்ட் விருந்தைத் தொடங்கினாரே, அங்கே ஸ்பீக்கருக்குத்தான் முதல் மரியாதை. பிற்காலத்தில் அவர் இரண்டு பாட்டைக் கலப்பதையே நிறுத்திவிட்டு ஒவ்வொரு இசைத்தட்டையும் முதலிலிருந்து கடைசிவரை முழுசாக ஒலிக்கவிட்டார். கிங் தெருவில் ஒரு பழைய வண்டி நிறுத்துமிடம்தான் பாரடைஸ் கராஜ் என்ற கிளப் ஆனது. 1977 முதல் 1987 வரை லாரி லெவான் அங்கே டிஜேயாக வாசித்தார். அங்கும் மது விற்கவில்லை. வந்தவர்கள் ஆடுவதற்கென்றே வந்தார்கள்.

இப்போது நல்ல கிளப்காரர்கள் அந்த அறையைத்தான் திரும்பக் கட்டுகிறார்கள். டிஜே தரையோடு தரையாக நிற்கிறார், வெளிச்சம் குறைவு, பக்கத்தில் நிற்பவரிடம் கத்தாமல் பேச முடிகிற அளவுக்கு ஒலி சுத்தம். மொபைல் தடை அதில் ஒரு பகுதி. தன்னை யாரும் படம் எடுக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால்தான் உடம்பு இளகும்.

பிராங்க்ஸ்_மணி

அக்கா சொன்னதில் ஒரு சொல்லை மட்டும் மறுக்கிறேன்: 'திரும்ப'. யாருக்கு நின்றுபோயிருந்தது? ஹவுஸை உருவாக்கிய கறுப்பின, லத்தீன், தன்பால் ஈர்ப்பாளர் மக்கள் ஆட்டத்தை ஒருநாளும் விடவில்லை. மன்கூசோ 2016இல் இறந்த பிறகும் லாஃப்ட் நடக்கிறது. எங்கள் பிராங்க்ஸில் பிறந்த ஃபிராங்கி நக்கிள்ஸ்தான் 1977இல் சிகாகோவுக்குப் போய் தி வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் டிஜேயாக வாசித்தார். 'ஹவுஸ்' என்ற பேரே அந்த இடத்திலிருந்து வந்ததுதான். அந்தக் கட்டடத்தை 2023இல் சிகாகோ நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

ஜூலையில் சிகாகோ ஜாக்சன் பூங்காவில் சோசன் ஃப்யூ டிஜேக்கள் நடத்தும் பிக்னிக்குக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 1990இல் குடும்பச் சந்திப்பாகத் தொடங்கியது. நான் போயிருந்தபோது இறைச்சி சுடும் புகைக்கு நடுவே ஒரு பாட்டி மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, கைத்தடியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, ஒரு பாட்டு முடியும்வரை இடுப்பிலிருந்து ஆடினார். பேரன் தடியைப் பிடித்தபடி அவருக்கு எதிரே ஆடினான். கற்க வேண்டும் என்றால் இவர்களிடமிருந்து கற்க வேண்டும், நிலா. இந்த அசைவுகள் யாருடையவை என்று தெரிந்துகொண்டு ஆட வேண்டும்.

ஞாயிறு_மதியம்

மணி சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். நின்றது பெரிய கிளப்களில்தான். நின்றவர்கள் என் மாதிரி வெளியிலிருந்து வந்தவர்கள்.

நிலா, உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் ஜாக். மார்பிலிருந்து இடுப்புக்கு இறங்கும் ஓர் அலை, அவ்வளவுதான். ஹவுஸில் கிக் டிரம், அதாவது 'தும்' என்ற கனமான அடி, நிமிடத்துக்கு 120 அடி அளவில் சமமாக விழும். இரண்டு அடிக்கு நடுவே ஹை-ஹாட் என்ற தாளத்தட்டு 'ட்ஸ்' என்று வரும். புதிதாக வருபவர்கள் கிக்கோடு தரையை மிதித்து மிதித்துக் களைத்துவிடுவார்கள். நீ காலை அசைக்காமல், அந்த 'ட்ஸ்'ஸில் மார்பைத் தூக்கி, கிக்கில் தளர விடு. ஒரு வாரம் சமையலறையில் இதை மட்டும் செய். அது உடம்பில் ஏறிய பிறகுதான் கால்வேலை. சால்சா, டாப், பிரேசிலின் கபோய்ரா எல்லாம் கலந்தது அது. அதற்கு ஒரு வகுப்பில் சேர்ந்துவிடு. தரையோடு ஆடும் லாஃப்டிங் இப்போதைக்கு வேண்டாம், முழங்கால் பத்திரம்.

ரப்பர் பிடிப்பு அதிகமுள்ள ஓட்ட ஷூ போடாதே. கால் திரும்பாது, முட்டிதான் திரும்பும். அடிப்பகுதி வழவழப்பான பழைய கான்வாஸ் ஷூ போதும். மாற்று டி-ஷர்ட் ஒன்றும் சின்னத் துண்டு ஒன்றும் எடுத்துக்கொள்.

ரிட்ஜ்வுட்_நிலா

அக்கா, மணி அண்ணா, இருவருக்கும் நன்றி. பத்து நாள் சமையலறையில் ஜாக் செய்துவிட்டு நேற்று மறுபடி போனேன். டிஜே பக்கம் முதுகைக் காட்டி, ஸ்பீக்கரிலிருந்து நாலடி தள்ளி நின்றேன். முதல் ஒரு மணி நேரம் எண்ணிக்கொண்டே ஆடினேன். அப்புறம் எப்போது எண்ணுவதை நிறுத்தினேன் என்று தெரியவில்லை. கண்ணை மூடி ஆடிய அதே பெண் நேற்றும் வந்திருந்தாள். இந்த முறை எதிரே வந்து, என் 'ட்ஸ்'ஸுக்கு அவள் காலால் பதில் சொன்னாள். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கொண்டுபோன மாற்று டி-ஷர்ட்டும் நனைந்துவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம், அக்கா. பவுடர் தூவினால் கிளப்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?

ஞாயிறு_மதியம்

கேட்டுவிட்டுத் தூவு. சில இடங்களில் வழுக்கும் என்று தடுப்பார்கள். விட்டால், ஓரமாக உன் காலடிக்கு மட்டும், ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.