உதவி: நெல் ஆலை பில் மென்பொருளில் 18 சுவிட்ச், எந்தெந்த அமைப்பைச் சோதிக்கிறது?

நெல்மூட்டை (சம்மாந்துறை):
அமைப்புப் பக்கத்தில 18 சுவிட்ச் இருக்கு: பிரிண்டருக்கு மூண்டு (58 மி.மீ., 80 மி.மீ., ஏ4), மொழிக்கு மூண்டு, மிச்சம் ஆஃப்லைன், வாட் வரி, ஈரப்பதக் கழிவு மாதிரி 12. எல்லாத்தையும் மாத்திப் பார்த்தா 262,144 அமைப்பு. ஒண்டுக்கு 4 நிமிசம், இராப்பகலா ஓட்டினாலும் 728 நாள். தற்செயலா 50 அமைப்பு எடுத்து ஓட்டினா 41 தொடங்கவே இல்ல. மிச்ச 9உம் சரி எண்டு வருது. ஆனா ஒரு ஆலையில மொத்தத் தொகையின்ட கடைசி இலக்கங்கள் சீட்டில வெட்டுப்படுது. சிறுபோக அறுவடைக்கு முதல் திருத்த வேணும்.

வாவிக்கரை (மட்டக்களப்பு):
41 விழுந்தது ஆச்சரியமில்ல தம்பி. பிரிண்டர் மூண்டில ஒண்டுக்கு மேல போடக் கூடாது, அதால 8இல 4தான் செல்லும். மொழி ஒண்டே ஒண்டு இருக்க வேணும், 8இல 3. ரெண்டையும் பெருக்கினா 3/16. 50க்கு 9 அளவுதான் தேறும்.

பிரிண்டரை நாலு பெறுமானம் உள்ள ஒரே தெரிவா எழுதுங்க: இல்லை, 58, 80, ஏ4. மொழியை மூண்டு பெறுமானமா எழுதுங்க. இப்ப 4,096 × 12 = 49,152; எல்லாம் தொடங்கக் கூடியது. மறுகா மைக்ரோசாஃப்டின்ட இலவசக் கருவி பிக்ட்டில குடுத்து ஜோடிச் சோதனை எடுங்க. எந்த ரெண்டு தெரிவின்ட எந்த ரெண்டு பெறுமானமும் ஒரு வரிசையிலயாவது (ஒரு வரிசை எண்டா ஓட்டிப் பார்க்கிற ஒரு அமைப்பு) சந்திக்கும். பிரிண்டரும் மொழியும் மட்டுமே 4 × 3, அதால 12 வரிசைக்குக் குறையாது.

வேற தடைகள் இருந்தா பிக்ட்டுக்குக் குடுக்கிற மாதிரிக் கோப்பிலயே "இப்படியெண்டால் அப்படி" நிபந்தனையா எழுதுங்க. வரிசைகள் வந்த பிறகு கூடாததைக் கையால அழிச்சா, அதில மட்டும் இருந்த ஜோடிகளும் சேர்ந்து போயிடும். இந்தப் பிழையைக் கனபேர் விடுறாங்க.

நெல்மூட்டை:
14 வரிசை வந்துது. 56 நிமிசத்தில முடிஞ்சுது. எல்லாம் பச்சை. வழு பிடிபடல்ல.

கடலோரம் (அக்கரைப்பற்று):
வெட்டுப்படுறது 58 பிரிண்டரிலயா? தமிழ் எழுத்து அந்தப் பிரிண்டர்களின்ட எழுத்துத் தொகுதியில இல்லாததால மென்பொருள் சீட்டைப் படமா அனுப்பும். 58இன்ட அகலம் 384 புள்ளி, 80இன்ட அகலம் 576. ஆஃப்லைனில அச்சுக்குக் காத்து நிக்கிற சீட்டு 576இல வரையப்பட்டிருந்தா, வலப்பக்கத்து 192 புள்ளி காணாமப் போகும். தொகை இருக்கிற இடம் அதுதான். ஆங்கிலம் எழுத்தாப் போறதால தப்பும்.

அப்ப இது மூண்டு சேர்ந்தா வாற வழு. உங்கட 14இல 58 வந்த வரிசைகளைப் பாருங்க: 58உம் ஆஃப்லைனும் சந்திச்சது ஆங்கிலத்திலயா இருக்கும், தமிழும் ஆஃப்லைனும் சந்திச்சது 80இலயா இருக்கும். ஜோடி எல்லாம் நிறைஞ்சுது, மூண்டும் சேரல்ல. பிக்ட்டில தரத்தை, அதாவது எத்தனை தெரிவு சேர்ந்து சந்திக்க வேணும் எண்ட எண்ணை, 3 ஆக்குங்க. 4 × 3 × 2 எண்டதால 24க்குக் குறையாது. 40 வந்தாலும் 160 நிமிசம்தான்.

வாவிக்கரை:
அதுக்கு முதல், உங்கட சோதனை எதைப் பார்த்து "சரி" எண்டு சொல்லுது? பிரிண்டர் கட்டளையை ஏத்துக்கொண்டதை மட்டும் பார்த்தா ஆயிரம் வரிசை ஓட்டியும் பயனில்ல. சீட்டைக் கோப்பில எடுத்து, படத்தின்ட அகலம் பிரிண்டர் அகலத்தை மிஞ்சுதா எண்டு பார்க்க வேணும்.

நெல்மூட்டை:
அண்ணன் சொன்னது சரி, "அச்சிட்டாச்சு" எண்ட விடையை மட்டும்தான் பார்த்திருக்கு. அகலச் சோதனையைச் சேர்த்து, பழைய 14ஐயும் திருப்பி ஓட்டினன்: அப்பவும் பச்சை. தரம் 3க்கு 38 வரிசை, 4 விழுந்துது. நாலிலயும் 58, ஆஃப்லைன். ரெண்டில தமிழ், ரெண்டில சிங்களம். சீட்டை அச்சுக்குக் காத்திருக்க வைக்கிற நேரம் 576 நிலையா எழுதியிருக்கு. அச்சிடுற நேரம் அகலத்தை வாசிக்கிற மாதிரி மாத்திட்டன்.

கடலோரம்:
விழுந்த நாலையும் பிக்ட்டுக்கு விதை வரிசைகளா (கட்டாயம் சேர்க்க வேண்டிய வரிசைகளா) குடுத்து வைங்க, ஆலைகளில இப்ப பாவிக்கிற அமைப்புகளையும் சேர்த்து. நாளைக்கு 19ஆவது சுவிட்ச் வந்தா முழு அட்டவணையும் மாறும், ஆனா விதை வரிசைகள் நிக்கும்.