கரும்பு வண்டி மாட்டுக்குச் சொந்தக்காரர் எவ்வளவு பொறுப்பு?

பண்ருட்டி விவசாயி:
என் ஜோடி மாட்டையும் டயர் வண்டியையும் கரும்பு ஏற்ற ஒருவரிடம் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆலை வரிசையில் பூட்டியபடியே மணிக்கணக்கில் நிற்கின்றன. வலத்து மாட்டுக்குக் கழுத்தில் புண் வேறு. ஓட்டுகிறவர் செய்வதற்கு நானும் பதில் சொல்லணுமா? வெயில் நேரத்துக்கு விதி உண்டா?

கெடிலக்கரை:
சொல்லணுங்க. 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவு, புண்ணோ நோயோ உள்ள மாட்டை வேலை வாங்குகிறவரோடு, அதற்கு விடுகிற சொந்தக்காரரையும் சேர்த்தே பிடிக்கிறது. சரியாகக் கவனிக்காமல் விட்டாலே குற்றம். "எனக்குத் தெரியாது" எடுபடாது.

நேரத்துக்கு அதே சட்டத்தின் கீழ் வந்த 1965 விதிகள் இருக்கின்றன. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரம்தான், ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 37 டிகிரி தாண்டுகிற இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. கத்திரியில் நம்ம பக்கம் இது சர்வசாதாரணமாகத் தாண்டும். இழுக்கும் வேலை முடிந்த மாட்டை நுகத்தில் வைத்திருப்பதும் தப்பு. வரிசையில் நிற்பது இழுக்கும் வேலை ஆகாது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அவிழ்த்து நிழலில் கட்டித் தண்ணீர் காட்டச் சொல்லுங்கள். தார்க்குச்சியில் ஆணி இருந்தால் இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள், அதற்கும் தடை.

மாட்டு வைத்தியம்:
புண் ஆறும்வரை அந்த மாட்டைப் பூட்டாதீர்கள். மருந்து போட்டுக்கொண்டே பூட்டினால் நுகத்தடி உரசி மறுபடி கிழியும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள், நடக்க முடியாவிட்டால் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள்.

பாரம் ஏற்றும் விதத்தையும் பாருங்கள். முன்பாரம் கூடினால் எடை முழுக்கக் கழுத்தில் இறங்கும். பின்பாரமானால் நுகத்தடி எழும்பி, கழுத்தைச் சுற்றிக் கட்டும் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். கரும்புக் கட்டு அச்சுக்கு நேராக, துளி முன்பாரமாக இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் புண் என்றால் ஜோடி உயரம் ஒக்கவில்லையோ, நுகத்தடி தேய்ந்திருக்கிறதோ பாருங்கள்.

பண்ருட்டி விவசாயி:
போலீஸ் நிறுத்தினால்?

கெடிலக்கரை:
கான்ஸ்டபிளுக்கு மேற்பட்டவர் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொல்லலாம், மாட்டையே பிடித்து மருத்துவரிடம் காட்டலாம். 11ஆம் பிரிவில் முதல் தடவை அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அதைப் பார்த்து அலட்சியமாக இருக்க வேண்டாம். 3 வருஷத்துக்குள் மறுபடி சிக்கினால் 3 மாதம் வரை சிறை உண்டு, மாட்டின் உரிமையையே நீதிமன்றம் பறிக்கலாம். வாடகைச் சீட்டில் பாரம், நேரம், ஓய்வு மூன்றையும் எழுதி ஓட்டுகிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாரம் இரண்டு தடவையாவது நேரில் போய்க் கழுத்தைத் தடவிப் பாருங்கள்.