ஆளா, ஆட்டத் திட்டமா? ஹேன்ஸ்வொர்த்தை வைத்து ஒரு சண்டை

பழைய பஞ்சாங்கம்:
2009-இல் அமெரிக்கக் கால்பந்தின் வாஷிங்டன் அணி, டிஃபென்ஸ் முன்வரிசை ஆட்டக்காரர் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்துக்கு ஏழு வருடத்துக்கு 100 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. மறு வருடம் மைக் ஷனஹன் பயிற்சியாளராக வந்து டிஃபென்ஸை 4-3-இலிருந்து (முன்வரிசையில் நான்கு பேர், அவர்களுக்குப் பின்னால் மூன்று லைன்பேக்கர்கள்) 3-4-க்கு (முன்னால் மூன்று, பின்னால் நான்கு) மாற்றினார். ஹேன்ஸ்வொர்த் முறுக்கிக்கொண்டார். கடைசி நான்கு ஆட்டங்களுக்குச் சம்பளம் இல்லாமல் உட்கார வைத்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நல்ல ஆட்டக்காரனுக்கு எந்தத் திட்டமும் ஒன்றுதான்.

மூலைக்காவலன்:
அண்ணே, உடற்தகுதிச் சோதனையிலேயே தேறாதவருக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அவரிடம் கேட்ட வேலையைப் பாருங்கள். முன்பு ஆடிய டென்னசி அணியில் அவர் வேலை, எதிரணி முன்வரிசையில் தனக்கான ஒரே இடைவெளியில் பாய்ந்து அவர்களின் பின்வரிசையைக் கலைப்பது. ஷனஹன் கேட்டது நோஸ் டேக்கிள். எதிரணி முன்வரிசையின் நடு ஆளான சென்டருக்கு நேரெதிரே நின்று, இரண்டு பக்க இடைவெளியையும் அடைத்து, இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஓடி வந்து ஆளை மடக்கிப் பெயர் வாங்கிக்கொள்வார். பாய்ச்சலுக்குக் காசு கொடுத்துவிட்டுச் சுவராக நில் என்றால் எப்படி?

பழைய பஞ்சாங்கம்:
ஆரோன் டொனால்டை மறந்துவிட்டீர்களா தம்பி? 2014-இல் 4-3-இல் ஆட வந்தவர். 2017-இல் டிஃபென்ஸ் பயிற்சியாளராக வேட் ஃபிலிப்ஸ் வந்து அவருடைய ராம்ஸ் அணியை 3-4-க்கு மாற்றினார். அந்த வருடமும் அடுத்த வருடமும் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது டொனால்டுக்குத்தான். 2018-இல் 20.5 சாக் (பந்தை எறியப் போகும் குவாட்டர்பேக்கை எறியுமுன் மடக்குவது)! அவர் ஏதாவது கூடத்தைக் குறை சொன்னாரா?

மூலைக்காவலன்:
எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபிலிப்ஸின் 3-4-இல் ஆளுக்கு ஒரு இடைவெளிதான். பலகையில் எழுதியது மாறியதே தவிர டொனால்டின் வேலை மாறவில்லை. அதே ஃபிலிப்ஸ் 2011-இல் ஹூஸ்டனுக்கு வந்தபோது பாவம் மாரியோ வில்லியம்ஸ். கையைத் தரையில் ஊன்றிப் பாய்ந்து பழகியவரை எழுப்பி, வெளிப்பக்க லைன்பேக்கராக நிற்க வைத்தார்கள்.

ஞாயிறு ராத்திரி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மாரியோ அந்த இடத்திலும் ஐந்து ஆட்டத்தில் ஐந்து சாக் எடுத்தார். அவரை முடக்கியது மார்புத் தசைக் காயம். உங்களுக்கு உதவும் ஆள் கிரீன் பே அணியின் ஆரோன் கேம்ப்மன். 2006-இல் 15.5 சாக் எடுத்த டிஃபென்சிவ் எண்ட் (முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்). 2009-இல் டாம் கேப்பர்ஸ் 3-4 கொண்டுவந்து அவரை லைன்பேக்கர் ஆக்கினார். பந்து பிடிக்க ஓடும் ரசீவர்கள் பின்னாலும் ஓட வேண்டியிருந்தது. முழங்கால் போவதற்குள் கிடைத்தது 3.5 சாக்.

பழைய பஞ்சாங்கம்:
அவருக்கு அப்போது கிட்டத்தட்ட முப்பது வயது. அதே திட்டத்தில் அதே வருடம் புதிதாக வந்த கிளே மாத்யூஸ் 10 சாக் எடுத்தாரே?

மூலைக்காவலன்:
அதைத்தானே அண்ணே தொண்டை கிழியச் சொல்கிறேன்! மாத்யூஸ் கல்லூரியிலேயே நின்றபடி ஆடிப் பழகியவர். அந்த இடத்துக்கென்றே முதல் சுற்றில் எடுத்தார்கள். கேம்ப்மன் கையிலிருந்த ஆள். இருக்கிற காலுக்குச் செருப்புத் தைக்காமல் செருப்புக்குக் காலை வெட்டினார்கள்.

பழைய பஞ்சாங்கம்:
சரி, கேம்ப்மனை விட்டுக்கொடுக்கிறேன். ஹேன்ஸ்வொர்த்தை விடமாட்டேன். 2011-இல் நியூ இங்கிலாந்து அவரை வாங்கியது. அங்கே அந்த வருடம் பெரும்பாலும் நான்கு பேர் வரிசைதான், அவர் கேட்டமாதிரியே. ஆறே ஆட்டத்தில் அனுப்பிவிட்டார்கள். அங்கே எந்தக் கூடம் கோணல்?