சாயத்தண்ணீர் வெளுத்தால் போதுமா?

கேள்வி (திருப்பூர்): சாயப் பட்டறைக் கழிவுநீரில் சாணிக்கரைசல் கலந்து, பாட்டிலை இறுக்கி மூடி வைத்தேன். சிவப்பு வெளுத்துவிட்டது. இதையே தொட்டியில் செய்யலாமா?

பதில்: நிறத்தை மட்டும் பார்க்காதீங்க. காற்றில்லாத இடத்தில் சாணியிலுள்ள பாக்டீரியா, அசோ எனும் சாய வகைக்கு நிறம் தருகிற, இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பை உடைக்கும். மிஞ்சுவது அரோமேட்டிக் அமீன்கள், அதாவது சாயம் உடைந்து வரும் நைட்ரஜன் கொண்ட சேர்மங்கள். சில, புற்றுநோய் உண்டாக்கும். அப்புறம் காற்றூட்டும் தொட்டியில் விட்டால்தான் அவற்றில் பெரும்பாலானவை சிதையும்.

கேட்டவர்: மூடியைத் திறந்து வைத்தால் லேசாகப் பழுப்பேறுது. அதுவும் அமீனா?

பதில்: ஆமாங்க, பெரும்பாலும் அதுதான். ஆக்சிஜன் பட்டதும் அமீன் நிறம் மாறும்.

இன்னொருவர்: உப்பை மறந்துடாதீங்க. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் ஏறக் கொட்டுகிற உப்பை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. நொய்யல் ஆற்றிலுள்ள ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பாசனத்துக்கு ஆகாமல் செய்தது அதுதான். உப்பைப் பிரிக்க ஆர்ஓவும் (சவ்வு வழியே நீரை அழுத்தி வடிகட்டுவது), மிஞ்சும் உப்பு நீரை வற்றவைக்க ஆவியாக்கியும் இருந்தே ஆகணும்.