மாவோரி மக்களின் தடுப்பூசித் தரவு யார் கையில் இருந்திருக்க வேண்டும்?

இளவழுதி

நியூசிலாந்தில் 2021இல் கொரோனாவின் டெல்டா வகை பரவியபோது, வடதீவில் தடுப்பூசி போட்டுக்கொள்ளாத, அந்நாட்டின் தொல்குடியினரான மாவோரி மக்களின் பெயரையும் முகவரியையும் ஃபானாவ் ஓரா என்ற மாவோரி நலமுகமை சுகாதார அமைச்சகத்திடம் கேட்டது. அமைச்சகம் மறுத்தது, வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுத்தது சரி என்பதே என் கருத்து. நோய்க்காக மருத்துவரிடம் சொன்ன முகவரியை, நான் அறியாத ஓர் அமைப்பு என் இனத்தைக் காரணம் காட்டி வாங்கிக்கொள்ளுமானால், அடுத்த முறை எந்த மருத்துவமனையிலும் என் இனத்தைச் சொல்லத் தயங்குவேன்.

தேன்மொழி

ஐயா, நான் தெற்கு ஆக்லாந்தில் வசிப்பவள். பெயர் இல்லாமல், எந்தத் தெருவில் தடுப்பூசி போடாதவர்கள் மிகுதி என்று காட்டும் வரைபடத்தைத் தருவதாகத்தான் அமைச்சகம் சொன்னது. எண்பது வீடுகள் உள்ள தெருவில், குளிர்பெட்டியும் கையுமாக நிற்கும் செவிலியர் எந்தக் கதவைத் தட்டுவார்? எண்பதையும் தட்டினால் பொழுது சாய்ந்துவிடும். 1918 இன்ஃபுளுவென்சா பெருந்தொற்றில் மாவோரி மக்கள் ஏனையோரைவிட ஏழு மடங்குக்கும் மேலான விகிதத்தில் இறந்தார்கள்; அவர்களில் பலரின் சாவு பதிவேட்டில் ஏறவே இல்லை. அந்த நினைவுள்ள குடும்பத்திடம் தனியுரிமையைக் காட்டிக் காத்திருக்கச் சொல்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. மூத்தோருக்கே முதலில் என்று வயது வரிசையில் தடுப்பூசி வந்ததால், இளவயதினர் மிகுந்த அச்சமூகம் ஏற்கெனவே பின்தங்கியிருந்தது.

முத்துக்குமரன்

இருவரும் தொடாத ஒன்று: தடுப்பூசி போட்டவர்களின் விழுக்காட்டைக் கணக்கிட எடுத்த மொத்த மக்கள்தொகையே குறையுடையது. முன்னரே மருத்துவச் சேவையை நாடியவர்களின் பட்டியலையே அமைச்சகம் அடித்தளமாகக் கொண்டது. நூறு பேரில் பத்துப் பேர் அப்பட்டியலில் இல்லை, எழுபத்திரண்டு பேர் ஊசி போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மை 72 விழுக்காடு, ஏட்டில் 80. மருத்துவமனைப் பக்கமே போகாதவர்தாம் தேடிக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவர். அவரைத்தான் கணக்கு விட்டுவிடுகிறது.

இளவழுதி

கணக்குக் குறையை ஏற்கிறேன். ஆனால் 2021 நவம்பரில் நீதிமன்றம் உடனே கொடு என்று சொல்லவில்லை; மூன்று வேலை நாட்களுக்குள் மறுபரிசீலனை செய்யுமாறுதான் பணித்தது. அந்தந்த இவியிடம், அதாவது குலத்திடம், கருத்துக் கேட்க வேண்டும் என்ற அமைச்சகத்தின் வாதமும் புறந்தள்ளத்தக்கதன்று. தரவு மாவோரி மக்களுக்கு உரியது என்றால், அது ஒரு முகமைக்கு உரியது என்று பொருளாகாது.

தேன்மொழி

இவியின் உரிமையை நானும் மதிக்கிறேன். ஆயினும் அதைச் சொல்லிக் காலம் கடத்தியது அரசு, நோய் காத்திருக்கவில்லை. டிசம்பரில் நீதிமன்றம் மீண்டும் முகமையின் பக்கமே நின்றது. தடுப்பூசித் திட்டத்தில், மாவோரித் தலைவர்களும் பிரித்தானிய அரசும் 1840இல் செய்த வைதாங்கி ஒப்பந்தத்தின் நெறிகளை அரசு மீறியது என்று, அத்தகைய மீறல்களை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயமும் அதே மாதம் அறிவித்தது.

இளவழுதி

அப்படியானால் என் கேள்வி ஒன்றுதான். பெற்ற பட்டியலை எந்த நாளில் அழிப்பது, வேறு எதற்கும் எடுத்தால் யார் பொறுப்பு? 2025 பிப்ரவரியில் வெளியான அரசு விசாரணை அறிக்கை, மூன்றாம் தரப்பிடம் கொடுத்த இத்தகைய தகவல்களுக்கு அரசு அமைப்புகளின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதவில்லை என்றே கண்டது. அவ்விரண்டும் தரவைக் கொடுக்கும்போது செய்யும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படுமானால், என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன், அம்மா.