ஃபிரேமிங்: சட்டகமா, ஏய்ப்பா, வேறு சொல்லா?

> ஏய்ப்புப்பிடி நல்ல சொல். நடுவரை ஏமாற்றுவதுதானே அங்கே நடக்கிறது?

அன்பின் நண்பர்களுக்கு,

பேஸ்போலின் 'ஃபிரேமிங்' போன்ற சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையைச் சில நாட்களாகச் சும்மா வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். 'ஏய்ப்புப்பிடி' முடிவாகிவிடும் போலத் தெரிவதால் குறுக்கே வருகிறேன். நான் ரொறன்ரோக்காரன், எங்கள் ஊர் பேஸ்போல் அணியான புளூ ஜேஸின் ஆதரவாளன், ஆகவே 2025 பருவம் முடிந்த கையோடு நடுவர்கள் மேல் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்தான். அந்தக் கோபத்தைக் கலைச்சொல்லுக்குள் ஏற்றக் கூடாது என்பது என் கட்சி.

பேஸ்போல் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிட்சர் எறிந்த பந்தை மட்டையாளர் அடிக்காமல் விட்டால், அது ஸ்ட்ரைக்கா இல்லையா என்று, பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் குனிந்து நிற்கும் நடுவர் ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட் மாதிரி யாராவது கத்திக் கேட்டால்தான் விரல் தூக்குவது என்ற கதை இங்கே இல்லை. அதற்கு ஒரு கட்டம் உண்டு: அகலம், மட்டையாளர் பக்கத்தில் தரையில் பதித்த ஹோம் பிளேட்டின் 17 அங்குலம், உயரம் மட்டையாளரின் முழங்காலுக்குக் கீழிருந்து நெஞ்சளவு வரை. அதைத் தொட்டால் ஸ்ட்ரைக், மட்டையாளருக்குப் பாதகம்; வெளியே போனால் 'பால்', அவருக்குச் சாதகம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டத்தின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்தைக் கேட்சர் எப்படி வாங்குகிறார் என்பதைப் பொறுத்து நடுவரின் தீர்ப்பே மாறலாம். அந்த வாங்கும் வித்தைதான் ஃபிரேமிங்.

தனியே ஒரு பந்துக்கு இதன் மதிப்புச் சொற்பம். மேஜர் லீக்கின் பந்துக் கண்காணிப்பு முறையான ஸ்டாட்காஸ்டின் கணக்கில் இப்படி வென்றெடுக்கும் ஒரு ஸ்ட்ரைக் 0.125 ஓட்டம், அதாவது எட்டு ஸ்ட்ரைக்குக்கு ஒரு ஓட்டம். ஆனால் பருவத்துக்கு 162 ஆட்டங்கள் இருக்கிறதே! 2025இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் கேட்சராக இருந்த பற்றிக் பெய்லி மட்டை பிடிப்பதில் சுமார்தான், ஆனாலும் அவரை அணியிலிருந்து அசைக்க முடியாமல் இருந்ததற்கு இது பெரிய காரணம். எங்கள் கேட்சர் அலெஹாந்த்ரோ கேர்க்கும் இந்த வித்தையில் முன்வரிசை ஆள்.

> சட்டகமிடல் என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லுக்கு நெருக்கம்.

நெருக்கம்தான் பிரச்சினை. சட்டகம் என்றதும் ஊடகவியல்காரர்கள் 'அது எங்களுடையது' என்று வந்து நிற்பார்கள், செய்தியை ஒரு கோணத்தில் அடைத்துச் சொல்வதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. தவிர, வர்ணனையில் 'அருமையாகச் சட்டகமிட்டார்' என்று ஒருவர் சொன்னால் தச்சுவேலை நடப்பதாகத்தான் நினைப்பேன்.

சரி, ஏய்ப்பு. வரி ஏய்ப்பு என்று எழுதி எழுதி அந்தச் சொல்லில் குற்றம் ஏறிவிட்டது. கேட்சர் செய்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆங்கில வர்ணனையாளர்கள் ஸ்ட்ரைக்கைத் 'திருடிவிட்டார்' என்று சொன்னால் அது பெரும்பாலும் பாராட்டு. நம் அணி செய்தால் வித்தை, எதிரணி செய்தால் திருட்டு, இது ரசிகர்களின் பிறவிக் குணம், அதை மாற்ற முடியாது. கலைச்சொல் இந்த இரண்டு பேருக்கும் பயன்பட வேண்டும்.

கோபத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் 2025 உலகத் தொடரின், அதாவது டொஜர்ஸ் அணியோடு நாங்கள் ஆடிய இறுதித் தொடரின், மூன்றாம் ஆட்டத்தைச் சொல்கிறேன். லொஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. எங்கள் மட்டையாளர் டோல்ட்டன் வார்ஷோவுக்கு வந்த பந்து மேலே போய்விட்டது, அது நான்காவது 'பால்', ஆகவே முதலாம் பேஸ் சும்மா கிடைத்துவிட்டது என்று அவரும் நினைத்து முதலாம் பேஸை நோக்கி நடக்கத் தொடங்கினார், ஏற்கெனவே முதலாம் பேஸில் நின்ற எங்கள் போ பிஷெற்றும் அப்படியே நினைத்து அடுத்த பேஸுக்கு நகர்ந்தார், நடுவர் மார்க் வெக்னர் நிதானமாக, ரொம்ப நிதானமாக, ஸ்ட்ரைக் என்றார், பிஷெற் நடுவழியில் மாட்டி அவுட். அந்த ஆட்டம் 18 இன்னிங்ஸ் வரை இழுத்துக்கொண்டு போய் 6-5 என்று கைவிட்டுப் போனது. அன்றிரவு யாராவது ஏய்ப்புப்பிடி என்று முன்மொழிந்திருந்தால் இரண்டு கையாலும் வழிமொழிந்திருப்பேன். ஆறப் போட்டு யோசித்தால், அங்கே எங்களைக் கவிழ்த்தது நடுவரின் தாமதம், கேட்சரின் கையுறை இல்லை. ரசிகன் ஆத்திரத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவான். அகராதி அப்படிச் செய்யக் கூடாது.

இன்னொருவர் 'உள்ளிழுப்பு' என்றார். கிட்ட வந்துவிட்டார், ஆனால் ஆட்டத்தைக் கவனித்தால் அதுவும் தவறு. பந்தைப் பிடித்த பிறகு வெடுக்கென்று உள்ளே இழுப்பது கத்துக்குட்டி வேலை. நடுவருக்கு உடனே தெரிந்துவிடும், எரிச்சல்கூட வரும். கைதேர்ந்தவர்கள் கையுறையை முன்கூட்டியே கட்டத்துக்கு வெளியே இறக்கி வைத்திருந்து, பந்து வரும்போதே உள்நோக்கி நகர்த்தி, நகர்கிற கையிலேயே பந்தை வாங்கி நிறுத்துகிறார்கள். தாழ வரும் பந்துகளுக்காக ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்காருவது இப்போது எல்லா அணியிலும் வழக்கமாகிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக இழுப்பு வேண்டாம்.

என் முன்மொழிவு: உட்பிடி. பந்தைக் கட்டத்துக்கு உள்ளே வந்ததாகப் பிடிப்பது. கிடுக்கிப்பிடி, உடும்புப்பிடி என்று பிடியில் முடியும் சொற்கள் நமக்குப் பழக்கம், கபடி பார்த்தவனுக்குப் பிடி என்றால் விளக்கமே வேண்டாம். இதில் புகழ்ச்சியும் இல்லை, வசையும் இல்லை. வசை வேண்டியவர்கள் முன்னால் 'கள்ள' என்று சேர்த்துக்கொள்ளட்டும், அது அவரவர் அணியைப் பொறுத்தது.

> 2026இல் இயந்திரம் வந்துவிட்டால் இந்தச் சொல்லே தேவைப்படாதே?

தேவைப்படும். புளூ ஜேஸ் ஆடும் மேஜர் லீக்கில் 2026இல் வருவது எல்லாப் பந்துக்கும் தீர்ப்புச் சொல்லும் முழு இயந்திர நடுவர் இல்லை. தீர்ப்பு நடுவரிடம்தான். அதை இயந்திரத்திடம் சரிபார்க்க ஓர் அணிக்கு இரண்டு முறையீடு, சரியாக இருந்தால் கையிருப்புக் குறையாது, பிழைத்தால் ஒன்று போய்விடும். மட்டையாளர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர்தான் கேட்கலாம், அதுவும் உடனே தலையைத் தட்டி. வெளியே உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் கண்ணைக் காட்டக் கூடாது. இயந்திரம் பார்க்கும் கட்டத்தின் மேல்கோடு மட்டையாளரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ்க்கோடு 27 சதவீதம். இரண்டே இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் இன்னிங்ஸிலேயே சந்தேகப் பந்துக்கெல்லாம் யார் தலையைத் தட்டுவார்கள்? அதனால் உட்பிடி நல்ல விலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். தென்கொரியாவில் கதை வேறு, அங்கே 2024 முதல் எல்லாப் பந்துக்கும் இயந்திரத் தீர்ப்பு. கேட்சர் பந்தை எப்படி வாங்கினாலும் ஒன்றுதான்.

> ட்ரேட் = பண்டமாற்று?

அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்வதுதான் ட்ரேட். ஆட்களைப் பண்டம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை, வீரர்களும் அப்படி உணர்கிறார்கள் என்பது வேறு விஷயம். 'ஆள்மாற்று' போதும். 2025 ஜூலை 31, ஆள்மாற்றுக் கெடு நாளில், கிளீவ்லாந்து அணிக்கு ஒரு இளம் பிட்சரைக் கொடுத்து அவர்களுடைய பிட்சர் ஷேன் பீபரை எடுத்தோம். நல்ல ஆள்மாற்று என்று இன்றும் சொல்வேன். உலகத் தொடரின் நாலாம் ஆட்டத்தை வென்று கொடுத்ததும் அவர்தான், ஏழாம் ஆட்டத்தின் 11ஆம் இன்னிங்ஸில் டொஜர்ஸின் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்து எங்களைக் கவிழ்த்ததும் அவர் பந்தில்தான். இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு திட்டுபவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கடைசியாக, ஸ்ட்ரைக்குக்கு எதிரான அந்த 'பால்'. தமிழ்நாட்டு நண்பர்கள் எழுதினால் ஆவின் ஞாபகம் வருகிறது, நாங்கள் 'போல்' என்று எழுதினால் உவம உருபாகிவிடுகிறது. தயவுசெய்து இதற்குத் தனி இழை திறவுங்கள்.

அன்புடன்.

—

தம்பிக்கு,

உட்பிடியை ஏற்கலாம். வினையாக்கும்போது மட்டும் இடிக்கிறது. 'உட்பிடித்தார்' என்பதைவிட 'உட்பிடியில் வாங்கினார்' என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கிறது. வாங்குதல் என்ற சொல்லை நீங்களே மூன்று நான்கு இடத்தில் இயல்பாக எழுதிவிட்டீர்கள், கவனித்தீர்களா?

ஆனால் ஏய்ப்பை நான் விடுவதாக இல்லை. அதற்கு இந்த ஆட்டத்திலேயே சரியான இடம் இருக்கிறது: பால்க். பேஸில் ஆள் நிற்கும்போது பிட்சர் எறிவது போலத் தொடங்கிவிட்டு எறியாமல் நிறுத்துவது போன்றவை. ஓடுபவரை வேண்டுமென்றே ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் இந்த விதி என்று விதிநூலே சொல்கிறது, தண்டனையாக ஓடுபவர்கள் ஆளுக்கொரு பேஸ் முன்னேறுவார்கள். கேட்சருக்கு இல்லாத குற்றம் இவருக்கு உண்டு. ஆகவே பால்க்குக்கு 'வீச்சேய்ப்பு' என்று முன்மொழிகிறேன்.

ஒரு சந்தேகம். பந்து கையை விட்டே போகாதபோது அதை வீச்சு என்பது பொருந்துமா? ஆட்டம் பார்க்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.